காலடியில் தண்ணீர்

கூப்பிடுவதற்கு அவருக்கு வாய் இருந்தது. ஆனாலும் தண்ணீரால்தான் கூப்பிடுவார்.

கையிலிருக்கும் தண்ணீர் பீய்ச்சும் கன்னை ஒரு வெட்டு வெட்டுவார். அவள் காலுக்கு ஒரு சாண் முன்னால் தரையில் சர்ரென்று தண்ணீர் விழும். ஒரு தடவை விழுந்தால் இங்கே வா. இரண்டு தடவை விழுந்தால் துணியோடு வா. விசிறி போல அகலமாக விழுந்தால் தள்ளி நில். கல்யாணமாகி இந்தக் கொட்டகைக்கு வந்த புதிதில் அவள் ஒருநாள் கேட்டாள்.

"வாயில கூப்பிட்டா என்னங்க? ஆட்டை ஓட்டுற மாதிரி இருக்கு."

"பம்பு சத்தத்துல கேக்காது."

அதோடு அந்த வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. பிறகு மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள், அந்த வம்சத்திலேயே முதல் ஆளாகப் பட்டமும் வாங்கிவிட்டாள். தண்ணீர் மட்டும் அதே சாண் தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

வண்டி கழுவும் அந்தக் கொட்டகை மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. மேலே தகரம், கீழே சிமெண்ட் தளம், தளத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடக் கால்வாய், மூலையில் பம்பு. பின்சுவரில் ஒரு கதவு. அதைத் திறந்தால் வீடு. வீடென்றால் ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். அடுப்படியில் நின்று சோறு வடிக்கும்போதே எந்த வண்டி வந்து நிற்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிடலாம். அவர்கள் துணி, தலையணை, மகளின் காலேஜ் புத்தகம் எல்லாவற்றிலும் சோப்பு வாசம் அடிக்கும். சுத்தமான வீடு என்று விருந்தாளிகள் சொல்வார்கள். அது சுத்தமில்லை, வண்டி சோப்பு.

மண்காற்று வீசும் மாதங்கள்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு காற்றைத் திட்டும்போது கன்காரர் வானத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்," என்பார். ஊரில் அவருக்கு அதுதான் பெயர், கன்காரர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. அவளைக் கன்காரர் வீட்டம்மா என்பார்கள்.

அந்தக் கன் ஒன்றும் பெரிய சாமான் இல்லை. ஒரு முழ நீளம். கைப்பிடியில் ஒரு விசை, அடியில் சோப்பு டப்பா, முனையில் திருகு. இடது பக்கம் திருகினால் சோப்பு நுரையாக வரும். வலது பக்கம் திருகினால் அலசுகிற தண்ணீர். திருகை இறுக்கினால் ஊசி மாதிரிப் பாயும், தளர்த்தினால் விசிறியாக விரியும். நுரையைப் பூசுவதும் அலசுவதும் ஒரே கைக்குள் அடக்கம். ஆனால் அந்தக் கை ஆம்பளைக் கையாக இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று தெரியவில்லை. எந்தக் கொட்டகையிலும் கன்னை ஆம்பளைதான் பிடிப்பான். துடைப்பது, மிதியடி உதறுவது, சீட்டுக்கடியில் கையை விட்டு நசுங்கின பிஸ்கட்டை எடுப்பது, எவன் வீட்டுப் பிள்ளையோ எடுத்த வாந்தியைச் சுரண்டுவது, இதெல்லாம் பொம்பளைக்கு. வண்டியைக் கழுவியது கன்காரர் என்று பெயர். கறையை எடுத்தது யாரென்று ஒருத்தரும் கேட்டதில்லை.

சாவியும் அப்படித்தான். வண்டிக்காரர்கள் கன் பிடித்திருப்பவர் கையில்தான் சாவியைக் கொடுப்பார்கள். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் அவளைப் பார்த்து, "யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். எதிரிலேயே அவள் நின்றுகொண்டிருப்பாள்.

அந்த வருஷம் மண்காற்று தொடங்கின நேரத்தில் கன்காரருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. முதலில் சட்டை போட முடியவில்லை. பிறகு வலது கையைத் தூக்கிச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. டாக்டர் கரண்டு வைக்கச் சொன்னார். "இனிமே அந்தக் குழாயைப் பிடிக்காதீங்க. பிடிச்சா கை அப்படியே நின்னுடும்," என்றார். குழாய் என்று சொன்னதுதான் கன்காரருக்குத் தோள்வலியைவிட அதிகமாக வலித்தது.

அன்றைக்கு மத்தியானம் சோறு சாப்பிடும்போது பேச்சை எடுத்தார். அவள் சோற்றையும் பருப்பையும் பிசைந்து, அவித்த முட்டையை நறுக்கி வைத்து, ஸ்பூனைக் கொடுத்திருந்தாள். இடது கையால் அள்ளிக்கொண்டே சொன்னார்.

"அக்காகிட்ட பேசிட்டேன்."

"என்னன்னு?"

"பையனை அனுப்பச் சொல்லி. அங்க சும்மாதானே சுத்துறான். இங்க வந்து கன்னைப் பிடிக்கட்டும்."

"அவன் பிடிப்பான். நீங்க?"

"நான் உக்காந்து பாத்துக்குவேன்."

"நீங்க பாப்பீங்க, அவன் பிடிப்பான். ரெண்டு பேருக்கும் சேத்துத் துடைக்க மட்டும் நான் ஒருத்தியா?" என்றவள், முட்டையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "நான் பிடிக்கிறேங்க கன்னை," என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. மகள் எழுந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"நீயா? கன்னு உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்டி."

"போனா போகட்டும். இங்க வந்த நாள்லேருந்து நான் எங்கயும் போனதில்ல."

மகள் பக்கென்று சிரித்தாள். கன்காரர் சிரிக்கவில்லை. "இது விளையாட்டில்ல. பொம்பளை கன் பிடிச்சா எவன் வண்டியை விடுவான்?"

"வண்டியே பொம்பளைங்க ஓட்டுறாங்கப்பா," என்றாள் மகள். "ஓட்டலாம், கழுவக் கூடாதா?"

"உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அனுப்பினது அம்மா. நீங்க வேணாம்னீங்க."

கன்காரர் ஸ்பூனால் முட்டையை அள்ளினார்.

பாத்திரம் தேய்க்கும்போது அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. நாத்தனார் மகன் கெட்டவனில்லை. ஆனால் ஒட்டகம் முதலில் தலையை மட்டும்தான் கூடாரத்துக்குள் விடும். கன் அவன் கையில் போனால் சாவியும் அவன் கையில் போகும். சாவி யார் கையிலோ கொட்டகை அவர்களுடையது. நாளைக்கு இவர் கண்ணை மூடினால், அவளும் மகளும் சொந்தக் கொட்டகையில் கூலிக்குத் துடைக்க வேண்டியதுதான். இதை அவரிடம் சொன்னால், "என் அக்கா பையனைச் சந்தேகப்படுறியா?" என்பார். சந்தேகமில்லை, கணக்கு.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை காலையில் ஒரு மணி நேரம் கன்காரர் கரண்டு வைக்கப் போய்விடுவார். கன் பிடிக்க ஆளில்லாததால் கொட்டகையில் சங்கிலி கட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை அவர் தலை மறைந்ததும் அவள் சங்கிலியை அவிழ்த்தாள்.

"பம்பைப் போடுடி."

"அம்மா, அப்பா வந்து கத்துவாரு."

"பம்பு சத்தத்துல கேக்காது. போடு."

முதல் தடவை விசையை அழுத்தியபோது தோளில் யாரோ இடித்த மாதிரி இருந்தது. கன் பின்னால் உதைத்தது. தண்ணீர் தகரக் கூரையில் பட்டு அவர்கள் இரண்டு பேர் மேலேயே மழையாகக் கொட்டியது. மகள் கத்தினாள். அவள் காலை அகட்டி வைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, மறுபடியும் அழுத்தினாள். கன்காரர் எப்படி நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். அந்த முதுகைத்தானே இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி டிரம் ஒன்றை நடுவில் நிறுத்தி அடித்துப் பழகினாள். நுரை, அலசல், ஊசி, விசிறி. டிரம் உருண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. மகள் பின்னாலேயே ஓடிப் பிடித்து வந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரம்மாவின் நீலநிற வண்டி வந்து நின்றது. வாரம் தவறாமல் வருகிற வண்டி. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது விட்டுவிட்டு, மத்தியானம் நடந்துவந்து எடுத்துக்கொண்டு போவார்.

"கன்காரர் இல்லையா?"

"நான் இருக்கேம்மா."

டாக்டரம்மா அவள் கையிலிருந்த கன்னைப் பார்த்தார். தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். "நானும் வாயில இப்படித்தான் தண்ணி அடிக்கிறேன். என்னோடது இதைவிடக் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்," என்று சொல்லி, சாவியை அவள் ஈரக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

சாவி சூடாக இருந்தது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த வண்டியைக் கழுவியதைப் பற்றி அவள் பிறகு மகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். வண்டியின் கூரையிலிருந்து தொடங்கினாள். மண் பழுப்பாகக் கரைந்து கண்ணாடி வழியே இறங்கியது. பிறகு நுரை. வண்டி முழுக்க வெள்ளையாக மூடி, நுரை தானாக வழுக்கிக் கீழே வரும்வரை காத்திருந்தாள். துடைக்கிறவளுக்கு வண்டி எப்போதும் துண்டு துண்டாகத்தான் தெரியும். இந்தக் கதவு, அந்த விளக்கு, இந்த மூலை. கன் பிடித்து நான்கு எட்டுத் தள்ளி நின்றபோதுதான் முழு வண்டியும் ஒரே பார்வையில் தெரிந்தது. இதுக்குத்தான் இந்த மனுஷன் இத்தனை வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாரா என்று நினைத்தாள்.

அலசிக்கொண்டே இடதுபக்கம் பின்கதவுக்கு வந்தாள். கைப்பிடிக்குக் கீழே நுரை ஒட்டிக்கொண்டு நின்றது. திருகை இறுக்கிக் கிட்டே போனாள். காசு அளவுக்கு ஒரு நீலத் துணுக்கு எழும்பியது. அவள் விசையை விடுவதற்குள் தண்ணீர் அதன் அடியில் புகுந்து, வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டை உரித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே மஞ்சளாக, இடிபட்ட பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி தெரிந்தது.

மகள் ஓடிப்போய்ப் பம்பை அணைத்தாள். அவள் கன்னைத் தாழ்த்திவிட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தாள். அந்தக் கதவைத் துடைக்கும்போதெல்லாம் துணி ஒரு மாதிரி வழுக்கும். மற்றக் கதவுகளைத் தட்டினால் ஒரு சத்தம், அதைத் தட்டினால் வேறு சத்தம். கைக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது.

கன்காரர் தோளில் தூளி மாதிரிக் கட்டுடன் வந்து நின்றார். ஈரத் தரையைப் பார்த்தார், கன்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"பட்டி பாத்த கதவுடி அது," என்றார். கத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். அந்தக் கதவுகிட்ட வந்தா ரெண்டு எட்டு பின்னால போய் விசிறி விடுவேன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ கேக்கலையே."

"எப்படிங்க கேக்குறது?" அவள் குரல் கிரீச்சிட்டது. "பம்பு ஓடுறப்போ கேக்காதுன்னீங்க. பம்பு நின்னா சாப்பிடுறீங்க, தூங்குறீங்க. நான் எப்ப கேக்குறது?"

அவர் குனிந்து உரிந்த இடத்தைத் தடவினார். "சரி, விடு. கல்லு தெறிச்சுதுன்னு சொல்லிடலாம். வர்ற வழியில லாரிக்குப் பின்னால வந்திருப்பீங்க, எங்ககிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடு. அவங்க கதவையா பாத்துக்கிட்டு இருப்பாங்க?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதா?"

"நம்ம தொழிலே அதுதான். கழுவுறவனுக்குக் கண்ணு ரெண்டு, வாய் கிடையாது. எந்த வண்டி எங்க இடிச்சுதுன்னு எனக்குத் தெரியும், எவன் சீட்டுக்கடியில எவ வளையல் கெடக்குதுன்னு உனக்குத் தெரியும். சொல்லிட்டா இருக்கோம்?" கொஞ்சம் தணிந்து, "கல்லுன்னு சொல்லிட்டா உன்மேல பழி வராது. நீ கன்னைப் பிடிச்சதைப் பத்தி நானும் பேசல. கூரையை நீ அலசியிருக்கிறதைப் பாத்தேன். மோசமில்ல," என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனுஷன் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் 'மோசமில்ல' என்று வந்தது இதுதான் முதல் தடவை. கல் என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். கன் கையிலேயே தங்கினாலும் தங்கும். அக்காவுக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் கழித்து வரச் சொல்லலாம். உண்மையைச் சொன்னால், முதல் வண்டியிலேயே தோலை உரித்தவள் என்று ஊரெல்லாம் சொல்லும். அதற்குப் பிறகு வாழ்நாளுக்கும் துணிதான்.

மத்தியானம்வரை அதையே யோசித்துக்கொண்டு மற்ற மூன்று கதவுகளையும் துடைத்தாள். டாக்டரம்மா குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். கன்காரர் ஒருமுறை இருமி, அவளைப் பார்த்தார்.

"அம்மா," என்றாள் அவள். "இந்தக் கதவுல ரொம்பக் கிட்டப் போய் அடிச்சுட்டேன். பெயிண்டு உரிஞ்சுபோச்சு. நான் பண்ணினதுதான்."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். பல் பார்க்கிறவர் அல்லவா, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "உள்ளே மஞ்சளா இருக்கே, என்ன அது?"

"பட்டிம்மா. எப்பவோ இடிச்சு, பூசி, மேல பெயிண்டு அடிச்சிருக்காங்க."

"எனக்கு வித்தவர் ஒரு கீறல்கூட விழாத வண்டின்னாரே!" டாக்டரம்மா கன்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?"

"முதல்ல தண்ணி பட்டப்பவே தெரியும்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"கழுவுறவனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்…"

"நல்லா இருக்கே. உங்க கடைவாய்ப் பல்லுல ஓட்டையைப் பாத்துட்டு, நமக்கெதுக்குன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருக்கட்டுமா?"

கன்காரர் இடது கையால் தன்னையறியாமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவளைப் பார்த்து, "நீங்களாவது சொன்னீங்களே," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வருகிறேன் என்று எப்போதும் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை.

"போச்சு," என்றார் கன்காரர். "இனிமே அந்த வண்டி வராது. கையில வந்ததை உன் வாயாலயே கெடுத்துக்கிட்டே."

அவள் கன்னைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தன் மகனோடு வந்து இறங்கினார். கூடவே இரண்டு படுக்கை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு தையல் மெஷின்.

"ரெண்டு நாள் இருந்து பையனைப் பழக்கிவிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

"ரெண்டு நாளைக்குத் தையல் மெஷின் எதுக்கு அத்தை?" என்றாள் மகள்.

"கை சும்மா இருக்காதும்மா எனக்கு. உங்கம்மா மாதிரிதான்."

பையன் வாட்டசாட்டமாக, சிரித்த முகமாக இருந்தான். கன்னைக் கையில் எடுத்துச் சினிமாவில் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். கன்காரர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தார். திருகை இப்படிப் பிடி, முழங்கையை ஒட்டி வை, மேலேருந்து கீழே வா. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அத்தையைக் கூப்பிடணும்னா அவ காலுகிட்ட ஒரு வெட்டு வெட்டு. வந்துடுவா. சத்தத்துல வேற வழியில்ல," என்றார்.

மிதியடி உதறிக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்டது. அப்போது பம்பு ஓடவில்லை.

முதல் சில நாட்கள் அவன் அடித்தான், அவள் துடைத்தாள். சாவிகள் நேராக அவன் சட்டைப் பைக்குப் போயின. அவன் ஆசையாகத்தான் வேலை செய்தான். வண்டி பளபளவென்று வந்தால் நாத்தனார் கதவில் சாய்ந்து நின்று, "என் பிள்ளை கை பட்டதும் வெளிச்சம்தான்," என்பார். கடுக்கிற கால் அவளுடையது, ஒடிகிற இடுப்பு அவளுடையது, வெளிச்சம் மட்டும் பிள்ளையுடையது.

வெள்ளிக்கிழமை காலை காற்று பலமாக இருந்தது. ரோட்டில் காகிதமும் மண்ணும் சுழன்றன. அந்தச் சுழலுக்குள்ளிருந்து நீலநிற வண்டி வந்து நின்றபோது அவள் கண்ணையே நம்பவில்லை. பின்கதவில் உரிந்த இடத்தில் அகலமான வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. டாக்டரம்மாவுக்கு ஏதோ அவசரம். காதில் போனை வைத்துக்கொண்டே இறங்கினார், கன் யார் கையில் இருந்ததோ அந்தக் கையில் சாவியைப் போட்டார், நடந்துவிட்டார். அவளைப் பார்த்துத் தலையாட்டினாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

பம்பு ஓடத் தொடங்கியது. நுரை போட்டான். பிளாஸ்திரியும் நுரைக்குள் மறைந்தது. அவள் எதிர்ப்பக்கம் துணியோடு நின்றாள். அலசிக்கொண்டே அவன் பின்னால் போவதும், நுரை ஒட்டியிருந்த அந்த இடத்தைப் பார்த்துத் திருகை இறுக்குவதும் தெரிந்தது.

"தம்பி, வேணாம்! அந்தக் கதவுல வேணாம்!"

அவனுக்குக் கேட்கவில்லை. அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் என்ன நினைத்தானோ, சிரித்துக்கொண்டே கன்னைத் தாழ்த்தி அவள் காலடியில் ஒரு வெட்டு வெட்டினான். விசிறி இல்லை, ஊசி. திருகை இறுக்கின கை அப்படியே அடித்துவிட்டது. தண்ணீர் அவள் கால்விரலில் பட்டுச் செருப்பைப் பிடுங்கி எறிந்தது. செருப்பு கால்வாயில் விழுந்து மிதந்தது.

"கூப்பிட்டா வர வேண்டியதுதானே," என்று கதவருகில் நாத்தனார் சிரித்தார்.

டிரம்மில் உட்கார்ந்திருந்த கன்காரர் பாதி எழுந்தவர், எழுந்த வாக்கிலேயே நின்றார். அந்தத் தண்ணீரை அவர் எத்தனையோ ஆயிரம் தடவை அடித்திருக்கிறார். வந்து விழுவதை வெளியிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் ஒற்றைச் செருப்போடு நடந்துபோய்ப் பம்பை அணைத்தாள்.

வேலை நேரத்தில் அந்தக் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. தகரத்தில் மண் உரசுவது கேட்டது. வண்டியிலிருந்து நுரை சொட்டுவது கேட்டது.

"இப்பக் கேக்குதா தம்பி?"

"கேக்குது அத்தை." பையனின் முகம் வெளுத்திருந்தது. "காலுல பட்டுடுச்சா? மாமாதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாரு…"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தரையைப் பார்த்தார்.

"அந்தக் கதவுல அடிக்காதேன்னு கத்தினேன். அடிச்சா மிச்சமும் உரிஞ்சுடும்," என்றாள் அவள். தன் தோளில் கிடந்த துணியை எடுத்து அவன் தோளில் போட்டாள். அவன் கையிலிருந்து கன்னை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அவனும் கொடுத்துவிட்டான். பிறகு இன்னொரு கையை நீட்டினாள்.

"சாவி."

சட்டைப் பையிலிருந்து சாவி வந்தது. அதை முந்தானையில் முடிந்தாள்.

"என்னடா தம்பி, பாத்துக்கிட்டே நிக்கிற?" நாத்தனார் முன்னால் வந்தார். "என் பிள்ளை கையில இருந்ததை உன் பொண்டாட்டி வாங்குறா. கேக்க மாட்டியா?"

கன்காரர் மெதுவாகச் சொன்னார்: "பம்பு சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா."

"பம்புதான் நின்னுபோச்சேடா!"

அவர் கால்வாய்க்குப் போனார். கட்டுப் போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடது கையை விட்டுச் செருப்பை எடுத்தார். இரண்டு தடவை உதறினார். கொண்டுவந்து அவள் காலுக்கு ஒரு சாண் முன்னால் வைத்தார்.

அவள் காலை நுழைத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றாள்.

அவர் நீலநிற வண்டியின் பக்கம் போய், நுரையை இடது கையால் வழித்தெடுத்தார். "இந்தக் கதவு முழுசும் பட்டி. இந்த ஓரம் வரைக்கும். ரெண்டு எட்டு தள்ளி நின்னு விசிறி மட்டும்." முன்னால் வந்தார். "இந்த மட்கார்டு நல்லது, தைரியமா அடி. பானட்ல இந்த மூலை, பாரு, இதுவும் பூசினதுதான். தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்த்தாள். "இங்க துணி ஒட்டும்," என்றாள்.

"ஒட்டுமா?"

"வெயில் நேரத்துல ஒட்டும். மத்த இடத்துல ஒட்டாது."

"இது எனக்குத் தெரியாது," என்றார் அவர்.

பையன் துணியைத் தோளில் போட்டபடி பக்கத்தில் வந்து அவனும் தொட்டுப் பார்த்தான். நாத்தனார் உள்ளே போய்த் தையல் மெஷினை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிரிக்கிறாரா, கட்டுகிறாரா என்று தெரியவில்லை. பம்பின் பக்கத்தில் நின்றிருந்த மகள் சுவிட்சில் கையை வைத்தாள்.

"அம்மா, போடட்டுமா?"

அவள் விசையில் விரலை வைத்தாள்.

"இரு," என்றார் கன்காரர். நுரைக் கையோடு வண்டியின் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தார். "இன்னும் சொல்லி முடிக்கல."